திருப்பூர் டிசி ஆப்பை கிளவுட் சர்வரில் ஏற்றிய பதிவு

ஆப் செய்யும் வேலை இவ்வளவுதான். நூல் மூட்டை நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து துணி ரோலாக டையிங்குக்கு, பிறகு துணி பின்னால் சுருங்காமல் அழுத்தும் காம்பேக்டிங், கடைசியில் கட்டிங். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு டெலிவரி சலான், திருப்பூர் வாயில் டிசி. எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன டயா (துணிக் குழாயின் விட்டம்), என்ன ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), என்ன கலர் என்று பதிவாக வேண்டும். முன்பக்கம், அதாவது பயன்படுத்துபவர் பார்க்கும் திரை, ரியாக்ட். அதை ஓடும் ஃபைல்களாக ஆக்கும் பில்ட் வேலைக்கு வீட் என்ற கருவி. பின்பக்கம், அதாவது சர்வரில் ஓடும் பகுதி, நோட் ஜேஎஸ் மேல் எக்ஸ்பிரஸ். எழுதியது விண்டோஸ் லேப்டாப்பில், ஒற்றை ஃபைலாக இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸோடு. ஓடப்போவது லினக்ஸில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு. பாதித் தொல்லை இந்தக் கடைசி இரண்டு வரிக்குள்தான் உட்கார்ந்திருந்தது.

ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரையே சர்வராக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கென்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தும் ஊரில் அது சரிவராது. பெருந்துறை டையிங்கில் லாரி நிற்கும், பல்லடம் நிட்டிங்கில் டிசி போட வேண்டும், நடுவில் யுபிஎஸ் பேட்டரி தீர்ந்துபோகும். கிளவுடில் 2 ஜிபி ரேம் உள்ள ஒற்றை மெஷின் போதும். நாற்பது ஐம்பது பேர் டிசி போடும் ஆப்புக்கு, பல மெஷின்களைச் சேர்த்து மேய்க்கும் குபர்நெட்டிஸ் என்பது குருவி தலையில் பனங்காய்.

இலவச ஹோஸ்டிங்கை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். பலவற்றில் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் ஆப் தூங்கிவிடும், எழுப்பினால் முதல் பக்கம் வர அரை நிமிடம்கூட ஆகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவற்றின் டிஸ்க் பெரும்பாலும் தற்காலிகமானது. எஸ்கியூலைட் ஃபைலை அங்கே வைத்தால் அடுத்த முறை கோடு ஏற்றும்போது அன்றுவரை போட்ட டிசி அத்தனையும் துடைத்துப் போகும்.

மெஷின் எந்த ஊரில் இருக்க வேண்டும்? பக்கத்தில். அமேசானுக்கு 2016 முதல் மும்பை, 2022 முதல் ஹைதராபாத். டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரு. அஷ்யூரின் தென்னிந்திய மையம் சென்னையில். மெஷின் எடுக்கும்போது ஊரைக் கவனிக்காமல் அமெரிக்காவிலேயே விட்டுவிட்டால் ஒவ்வொரு போய்வரவுக்கும் 200 மில்லிசெகண்டுக்கு மேல். ஒரு பக்கத்துக்கு, முன்பக்கம் பின்பக்கத்திடம் தகவல் கேட்கும் ஏபிஐ அழைப்பு ஐந்தாறு வரிசையாகப் போனால் ஒரு செகண்டு அதிலேயே கரையும்.

லினக்ஸில் உபுண்டு 24.04 எடுத்தது. தூரத்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சில் சாவி வைத்து உள்ளே போய், பாஸ்வேர்டு வழியை அடைத்து, ஃபயர்வால் போடுவதெல்லாம் வழக்கமான வேலை. ஒரே எச்சரிக்கை: உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் முதலில் எஸ்எஸ்எச்சை அனுமதித்துவிட்டுத்தான் இயக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வீட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டின கதை. இன்னொன்று, கிளவுட் கம்பெனியின் பலகையில் தனியாக ஒரு ஃபயர்வால் உண்டு. இணையப் பக்கம் வரும் 80, 443 போர்ட் இரண்டையும் அங்கேயும் திறக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் 5432-ஐ எங்கேயும் திறக்க வேண்டாம்.

உபுண்டு 24.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் கிடைக்கும் நோட் 18-ஆம் பதிப்பு. அதன் ஆதரவு 2025 ஏப்ரலிலேயே முடிந்தது. நோட்சோர்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்து 22 போட்டது. 22 நீண்டகால ஆதரவுக்குப் போன பதிப்பு. லேப்டாப்பிலும் அதே 22 இருக்கட்டும், பேக்கேஜ் ஜேசான் ஃபைலில் எஞ்சின்ஸ் என்ற இடத்தில் எழுதியும் வையுங்கள்.

இனி பில்ட்.

ஆப் பயன்படுத்தும் பிறர் எழுதிய மாட்யூல்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை லேப்டாப்பிலிருந்து காப்பி செய்து ஏற்றினால் ஆப் கிளம்பும்போதே ‘இன்வேலிட் எல்ஃப் ஹெடர்’ என்று விழும். பாஸ்வேர்டுக்கு வைத்த பிகிரிப்ட் மாதிரியான மாட்யூல்களுக்குள் விண்டோஸுக்கென்று தொகுத்த பைனரி இருப்பதால் வருவது இது. சர்வரில் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையை ஓட்டுங்கள். அது எந்த மாட்யூலுக்கு எந்தப் பதிப்பு என்று பூட்டிவைத்த லாக் ஃபைலில் உள்ளதை அச்சு அசலாக இறக்கும், பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்கும். ‘என்பிஎம் இன்ஸ்டால்’ சில நேரம் லாக் ஃபைலையே மாற்றிவைக்கும்.

அடுத்தது ‘கேனாட் ஃபைண்ட் மாட்யூல்’. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், இல்லை என்று சர்வர் சாதிக்கும். ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, இறக்குமதி வரியில் சின்ன எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. லேப்டாப்பில் பெயரை மட்டும் மாற்றி கமிட் செய்தால், கோடின் மாற்றங்களைப் பதியும் கிட் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம், ஏனென்றால் விண்டோஸில் அது எழுத்தளவைப் பொருட்படுத்தாத அமைப்போடு ஓடுகிறது. ‘கிட் எம்வி’ மூலம் மாற்றினால்தான் பதிவாகும்.

பில்டை முதலில் 1 ஜிபி மெஷினில் முயன்றபோது பாதியில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றது, வெளியேறும் எண் 137. 128-உடன் 9. ஒன்பதாம் சிக்னல், அதாவது ரேம் தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கிறது. இதையும் ‘ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரி’ என்று வருவதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது நோட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட எல்லை, மேக்ஸ் ஓல்டு ஸ்பேஸ் அளவை உயர்த்தினால் சரியாகும். முதலாவதற்கு அதை உயர்த்தினால் இன்னும் சீக்கிரம் சாகும். ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் ஸ்வாப் ஃபைலை 2 ஜிபிக்கு உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, மெஷின் எழும்போது படிக்கும் எஃப்எஸ்டேபில் எழுதிவைத்ததும் பில்ட் முடிந்தது. எஃப்எஸ்டேபில் எழுத மறந்தால் அடுத்த ரீபூட்டில் ஸ்வாப் இருக்காது.

பில்ட் முடிந்து பக்கமும் திறந்தது, எழுதியவர் லேப்டாப்பில். மற்றவர்கள் போனில் வெறும் காலிப் பட்டியல். காரணம், ஏபிஐ முகவரி. வீட் என்ற முன்னொட்டோடு வரும் சூழல் மாறிகள் பில்ட் நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுத்தாகப் பதிந்துவிடும். சர்வர் ஓடும்போது மாற்றினால் பயனில்லை. அதில் லோக்கல்ஹோஸ்ட் 3000, அதாவது பார்ப்பவரின் சொந்த மெஷின், என்று பதிந்திருந்தது. எழுதியவரின் லேப்டாப்பில் அதே நேரம் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரிந்தது. முழு முகவரியே வேண்டாம், ஏபிஐ என்று தொடங்கும் சார்புப் பாதை போதும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே டொமைனில் இருந்தால் வேறு டொமைனுக்குப் போகும் அழைப்பை பிரவுசர் தடுக்கும் கோர்ஸ் தகராறும் தானாகத் தீரும்.

ஆப்பை உயிரோடு வைத்திருக்க பிஎம்2 என்ற கருவியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். லினக்ஸில் ஏற்கெனவே இருந்து சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டியே போதும் என்பது இங்கே எடுத்த முடிவு, பராமரிக்க ஒரு சாமான் குறைவு. சர்வீஸ் ஃபைலில் தனி யூசர், வேலை ஃபோல்டர், சூழல் ஃபைல், ‘ரீஸ்டார்ட் ஆல்வேஸ்’. இவ்வளவு எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால் ஒரு ரீபூட்டில் மாட்டும். மெஷின் எழும்போது போஸ்ட்கிரெஸ் தயாராகும் முன்பே ஆப் கிளம்பி, டேட்டாபேஸ் கிடைக்காமல் விழும். சிஸ்டம்டி 100 மில்லிசெகண்டில் மறுபடி எழுப்பும், மறுபடி விழும். 10 செகண்டுக்குள் ஐந்து முறை கிளப்பியாகிவிட்டால் இது தேறாது என்று சிஸ்டம்டி கைகழுவிவிடும். போஸ்ட்கிரெஸ் அதற்குப் பிறகு எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கும். மறு கிளப்பலுக்கு இடைவெளி 3 செகண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும், ஐந்து முறை எண்ணிக்கை 10 செகண்டுக்குள் நிறையவே நிறையாது. போஸ்ட்கிரெஸுக்குப் பின் கிளம்பு என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்புக்கு முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். ஆப் 127.0.0.1-இல் 3000-ஐக் கேட்கட்டும், என்ஜின்எக்ஸிலும் அதே எண்ணை எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று சொல்லால் எழுதினால் அது புதுவகை இணைய முகவரியான ஐபிவி6-இன் ::1-க்கும் திரும்பக்கூடும், அப்போது ஆப் ஓடிக்கொண்டே இருக்க என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவேட்டில் 'இணைப்பு மறுப்பு' வரிகளாக விழும். பிரவுசரில் 502 என்ற பிழை எண் வந்தால் ஆப் விழுந்து கிடக்கிறது அல்லது முகவரி தப்பு. 504 என்றால் ஆப் இருக்கிறது, 60 செகண்டுக்குள் பதில் தரவில்லை. 413 என்றால் அனுப்பியது பெரிது: என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது, போனில் எடுத்த டிசி போட்டோ ஒன்றே 3, 4 எம்பி வரும். கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸை 10 எம்பி ஆக்கியது.

லாகின் செய்தால் மறுபடி லாகின் பக்கமே வருகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. இது வந்தால் பாஸ்வேர்டைத் தேட வேண்டாம். லாகினை நினைவில் வைக்கும் குக்கீ பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்று ஆப்பில் எழுதியிருக்கிறது. வெளியே எச்டிடிபிஎஸ்தான், ஆனால் என்ஜின்எக்ஸுக்கும் ஆப்புக்கும் இடையே சாதா எச்டிடிபி. ஆப் தன்னிடம் வந்தது பாதுகாப்பற்ற இணைப்பு என்று நினைத்துக் குக்கீயே தராமல் விடுகிறது. என்ஜின்எக்ஸ் ‘ஃபார்வேர்டட் புரோட்டோ’ தலைப்பை அனுப்ப வேண்டும், எக்ஸ்பிரஸில் ‘டிரஸ்ட் பிராக்ஸி’ 1 என்று வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

எச்டிடிபிஎஸ் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து, செர்ட்பாட் என்ற கருவி வழியாக. 90 நாள் செல்லும், 30 நாள் மிச்சமிருக்கும்போது தானே புதுப்பிக்கும். எச்டிடிபிஎஸ் வந்துவிட்டதே என்று 80-ஐ அடைத்தால் புதுப்பிப்பு நிற்கும், அறுபது நாள் கழித்துத்தான் தெரியவரும். சோதனை எல்லாம் ‘டிரை ரன்’ வைத்துச் செய்யுங்கள், நிஜ முயற்சி மணிக்கு ஐந்து முறை தோற்றால் அந்த டொமைனைக் காக்க வைத்துவிடும். டொமைன் எந்த முகவரிக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஏ பதிவை (ஐபிவி4) மட்டும் மாற்றிவிட்டுப் பழைய நான்கு-ஏ பதிவை (ஐபிவி6) விட்டுவைத்தால் வேடிக்கை வேறு மாதிரி: ஆபீஸ் லைனில் புது ஆப் வரும், ஐபிவி6-இல் ஓடும் ஜியோ போனில் பழைய பக்கம் வரும். சான்றிதழ் சோதனையும் ஐபிவி6-ஐத்தான் முதலில் தட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கத்திக் காட்டும் பிழைகள். ஆப் விழும், சிவப்பில் எழுதும், சரிசெய்யலாம். சத்தமே போடாமல் கணக்கைக் கெடுப்பவைதான் பயப்பட வேண்டியவை.

கிலோவில் தொடங்கலாம். ரோல் எடை நியூமெரிக் வகையில், மூன்று தசம இடம். எஸ்கியூலைட் அதை எண்ணாகத் தந்தது. போஸ்ட்கிரெஸின் நோட் டிரைவர் நியூமெரிக்கை எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாகத் தருகிறது, ஜாவாஸ்கிரிப்ட் எண்ணில் துல்லியம் போய்விடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே. 22.450 கிலோவும் 23.100 கிலோவும் உள்ள டிசியில் பூஜ்யத்தில் தொடங்கிக் கூட்டினால் 45.550 வராது, ஒட்டிக்கொண்டு ‘022.45023.100’ ஆகும். இப்படியே அச்சில் வந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். அச்சுப் பகுதியில், எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃபுளோட் போட்டு மூன்று இடத்துக்கு வெட்டியிருந்தது. பார்ஸ்ஃபுளோட் இரண்டாவது புள்ளியைக் கண்டதும் நின்றுவிடும், 22.45023 என்று எடுத்து 22.450 என்று அச்சடிக்கும். பார்க்க ரொம்ப ஒழுங்கான எண். நாற்பது ரோல் போன டிசியில் முதல் ரோலின் எடை மட்டும் மொத்தமாக நிற்கும். டையிங்கில் எடை போட்டு வாங்குபவர் “ஏனுங்க, டிசில ஒரு ரோல் வெயிட்டுதான் இருக்குதுங்க” என்று கூப்பிட்டால்தான் உண்டு.

தீர்வு: எடையைக் கிராமாக, முழு எண்ணாக வையுங்கள். 22.450 கிலோ என்பது 22450. கூட்டலை டேட்டாபேஸிலேயே செய்யுங்கள். ஆனால் முழு எண்களின் கூட்டுத்தொகையை போஸ்ட்கிரெஸ் பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகையில் தரும், அதுவும் சரமாகவே வந்து சேரும். எண்ணிக்கை எடுக்கும் கவுன்ட்டும் அப்படித்தான். வாசலிலேயே எண்ணாக மாற்றிவிட்டு உள்ளே விடுங்கள்.

தேதி அடுத்தது. சர்வரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரம், நம்முடையது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நிட்டிங் ராத்திரி ஷிப்டும் ஓடும் தொழில். ராத்திரி 2 மணி 10 நிமிடத்துக்குப் போட்ட டிசிக்கு முந்தின நாள் தேதி விழும். கோடில் தேதியை ஐஎஸ்ஓ சரமாக்கி முதல் பத்து எழுத்தை வெட்டும் பழக்கம்தான் குற்றவாளி. அந்தச் சரம் எப்போதும் யுடிசி. காலை ஐந்தரைக்குப் பிறகு போட்டதெல்லாம் சரியாக இருப்பதால், பகலில் சோதிப்பவர் கண்ணில் படவே படாது. ஏப்ரல் 1 விடியற்காலையில் இது முற்றும். நம் 2.10 என்பது சர்வருக்கு மார்ச் 31 இரவு 8.40, ஆகவே புது நிதியாண்டின் முதல் டிசி போன வருட வரிசையில் கடைசி எண்ணாகப் போய் உட்காரும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு, நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.

சர்வர் கடிகாரத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுவது குறுக்கு வழி, இன்னொரு மெஷினுக்குப் போகும்போது மறந்துபோகும். நேரத்தை, நேர மண்டலத்தைக் கணக்கில் எடுக்கும் டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகையில் வைத்து, டிசி தேதியை எடுக்கும் இடத்தில் ஏசியா கொல்கத்தா மண்டலத்தைச் சொல்லியே கேளுங்கள். சோதிக்கும்போது ராத்திரி 2 மணி, காலை 5.29, 5.31 மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

டிசி எண்ணுக்கு, தானாக அடுத்த எண் தரும் போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸைப் பயன்படுத்துவது இயல்பாகத் தோன்றும். எங்காவது ஒரு பதிவு பாதியில் தோற்றுத் திரும்பினால் எடுத்த எண் திரும்பாது. 416-க்கு அடுத்து 418 வரும், 417 எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். சலான் எண் தொடர் வரிசையில், 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 55. நிதியாண்டுக்கு ஒரு வரி என்று தனி எண்ணிப் பட்டியல் வைத்து, டிசி சேமிக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஒன்று கூட்டி எடுத்தால் தோற்கும்போது எண்ணும் சேர்ந்து திரும்பிவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் போட்டால் ஒருவர் சில மில்லிசெகண்டு காத்திருப்பார், அவ்வளவுதான். நெட் மெதுவாக இருக்கும்போது சேமிப்புப் பொத்தானை நான்கு முறை அமுக்குபவர்களும் உண்டு. படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால் மறுக்கும் யூனிக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள்.

தமிழ் சம்பந்தப்பட்டவை மூன்று. லேப்டாப்பில் அழகாக வந்த டிசி பிடிஎஃப், சர்வரில் பார்ட்டி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. பிடிஎஃப் ஆக்கும் பப்பட்டியர், குரோமியம் பிரவுசரை வைத்து அச்சடிக்கிறது, சர்வரில் தமிழ் ஃபான்ட் ஒன்றுகூட இல்லை. நோட்டோ கோர் ஃபான்ட் தொகுப்பைப் போட்டு, ஆப்பை மறுபடி கிளப்பினால் வரும். இரண்டாவது, நீளம். எஸ்கியூலைட் வர்கேர் 20 என்று எழுதினாலும் எத்தனை எழுத்து வந்தாலும் வாங்கிக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் 21-ஆவதை மறுக்கும். ‘கோயம்புத்தூர்’ நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, போஸ்ட்கிரெஸ் கணக்கில் 13. கால், புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி. பெயருக்கு டெக்ஸ்ட் வகையே நிம்மதி.

மூன்றாவது, அகர வரிசை. டேட்டாபேஸ் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கினால் அன்னூர், அரச்சலூர், அவிநாசி என்று வரும், ஏனென்றால் யூனிகோடில் ன, ந-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் வரிசையில் ன கடைசி எழுத்து. அரச்சலூர், அவிநாசி, அன்னூர் என்பதுதான் சரி. வரிசைப்படுத்தும் வரியில் ஐசியூ நிரலகத்தின் தமிழ் கொலேஷனை, அதாவது அகர வரிசை விதியை, சொன்னால் போஸ்ட்கிரெஸ் ஒழுங்காக அடுக்கும், உபுண்டுவில் தனியாக எதுவும் போட வேண்டியதில்லை.

பேக்கப் தினமும் ராத்திரி 3 மணிக்கு. குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் எழுத வேண்டியது 21.30, அதுவும் யுடிசி. போஸ்ட்கிரெஸைப் பிரதியெடுக்கும் பிஜி டம்ப்பை கஸ்டம் வடிவத்தில் எடுத்து, வேறு கம்பெனியின் ஸ்டோரேஜுக்கு அனுப்பிவிடுகிறது. மெஷின் இருக்கும் கணக்கிலேயே வைத்தால் கணக்கு முடங்கும் நாளில் இரண்டும் சேர்ந்து போகும். மாதம் ஒருமுறை அந்த ஃபைலை வேறு டேட்டாபேஸில் இறக்கி, கடைசி டிசி எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அளவு பூஜ்யமான பேக்கப் ஃபைலும் தினமும் ஒழுங்காகத்தான் போய்ச் சேரும்.

புதுப் பதிப்பு ஏற்றும் முறை: ஒவ்வொன்றும் தேதியிட்ட தனி ஃபோல்டரில், ‘கரண்ட்’ என்ற சிம்லிங்க் (ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு) அதைக் காட்டும். கோளாறு என்றால் லிங்கைப் பழையதற்குத் திருப்பி ரீஸ்டார்ட், பத்து செகண்டு வேலை. டேட்டாபேஸ் மட்டும் அப்படித் திரும்பாது. அதனால் பட்டியலில் புது நெடுவரிசையை முதலில் சேர்த்துவிட்டு, பழைய நெடுவரிசையை இரண்டு பதிப்பு கழித்துத்தான் நீக்க வேண்டும். இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லுக்கு கேஷ் வேண்டாம் என்று என்ஜின்எக்ஸில் எழுதிவையுங்கள், இல்லையென்றால் போனில் பழைய பக்கம் நீக்கிய ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் தேடி வெள்ளைத் திரையில் நிற்கும்.

ஏற்றுவது ஞாயிறு காலையில். சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் நாள், அன்றைக்கு சர்வரில் கை வைப்பதில்லை.